கூலியை அளந்து வைத்த கலீபா

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட் என்று ஓர் இடம் உண்டு. சென்னை நகரத்தின் எல்லை அங்கே முடிந்து திருவொற்றியூர் தொடங்கிய காலத்தில் சுங்கம் வாங்கும் சாவடி நின்ற இடம் என்பதைப் பெயரே சொல்கிறது. 2011இல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டபின் நகரத்தின் எல்லையே எண்ணூருக்கு அப்பால் போய்விட்டது. சாவடி இல்லை, பெயர் மட்டும் பஸ்காரர் வாயிலும், 2021இல் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நிலையத்தின் பலகையிலும் நிலைத்து நிற்கிறது.

சுங்கச் சாவடி என்றால் முகத்தைச் சுளிப்பவர்கள்தாம் அதிகம். ஆனால் இஸ்லாமிய வரலாற்றில் ஒரு சாவடியைப் பற்றிய செய்தி உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டு, அந்தச் சாவடியை வைத்த கலீபாவின் வாழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்துக்கு வருவோம்.

அமீருல் முஃமினீன் உமர் பாரூக் (ரலி) அவர்கள், யூப்ரடீஸ் நதிப் பகுதியில் சரக்குச் சுங்கம் வாங்க ஜியாத் இப்னு ஹுதைர் என்பவரை நியமித்தார்கள். முஸ்லிம் வணிகரிடம் நாற்பதில் ஒரு பங்கு, ஆட்சியின் பாதுகாப்பில் வாழும் பிற மதத்தவரிடம் இருபதில் ஒரு பங்கு, அந்நிய நாட்டவரிடம் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. தக்லிப் குலத்தைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர் ஒரு குதிரையுடன் வந்தார். அதன் விலை 20,000 திர்ஹம் என்று மதிப்பிட்டு 1,000 திர்ஹம் வாங்கிக்கொண்டார் ஜியாத். அதே ஆண்டில் அம்மனிதர் திரும்பி வரும்போது இன்னொரு 1,000 கேட்கப்பட்டது. அவர் மக்காவுக்கே போய்க் கலீபாவிடம் முறையிட்டார். கவலை வேண்டாம் என்ற அளவில் ஒரு சொல் மட்டுமே கலீபாவிடமிருந்து வந்தது. முறையீடு வீண் என்று எண்ணிய அவர், இரண்டாவது 1,000 திர்ஹத்தையும் கட்டிவிடலாம் என்ற முடிவோடு சாவடிக்குத் திரும்பினார். அவருக்கு முன்பே கலீபாவின் கடிதம் அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஒருமுறை கட்டியவரிடம் மறு ஆண்டு அதே நாள் வரும்வரை எதுவும் கேட்கக்கூடாது என்பது உத்தரவு.

சாவடியில் உட்கார்ந்திருப்பவன் முறைப்படி வாங்க வேண்டுமானால் கடிதம் மட்டும் போதாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டும். பொதுப்பணியில் இருப்பவனின் வயிற்றை முதலில் கணக்கில் எடுத்து, அதன்பின் அவனைக் கண்டிப்போடு கணக்குக் கேட்டவர்கள் உமர் (ரலி) அவர்கள். அவர்களுடைய வீரத்தையும் வெற்றிகளையும் நம் பயான்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். சம்பளம் வகுத்த உமரைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

குறைஷிகளில் பனூ அதீ கிளையில், கி.பி. 584ஐ ஒட்டிப் பிறந்தார்கள். தந்தை கத்தாப் கடுமையானவர். மக்காவுக்கு வெளியே தஜ்னான் என்ற இடத்தில் மகனை ஒட்டகம் மேய்க்க விட்டு, களைத்துப் போகுமளவு வேலை வாங்குவார். குறை கண்டால் அடிப்பார். பல்லாண்டு கழித்துக் கலீபாவாக அவ்வழியே சென்றபோது, கம்பளி ஆடையில் ஒட்டகம் மேய்த்த அந்நாட்களை உமர் (ரலி) அவர்கள் நின்று நினைவுகூர்ந்து, இன்று தமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் மேலதிகாரி எவருமில்லையே என்று வியந்ததாக வரலாறு கூறுகிறது. பிறரிடம் வேலை செய்து அடிபட்ட முதுகு அது என்பதை மறக்கலாகாது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சிலரில் ஒருவராகவும் வணிகராகவும் வளர்ந்து, நபித்துவத்தின் ஆறாம் ஆண்டு வாக்கில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். தங்கை வீட்டில் தாஹா சூரா கேட்ட அந்த நிகழ்ச்சியை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள், இங்கே விரிக்கவில்லை.

ஊதியம் என்ற விஷயத்தில் அவர்கள் முதன்முதல் தலையிட்டது தம் ஆட்சியில் அல்ல. அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் கலீபாவான மறுநாள் காலையில், வழக்கம்போலத் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். எதிரே வந்த உமரும் அபூஉபைதாவும் தடுத்தார்கள். முஸ்லிம்களின் காரியத்தை ஏற்றவர் கடைத்தெருவில் நின்றால் அதை யார் பார்ப்பது என்பது அவர்கள் கேள்வி. குடும்பத்துக்கு எங்கிருந்து சோறு போடுவது என்பது கலீபாவின் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகள். பொதுநிதியிலிருந்து ஒரு படி வகுப்பதே விடையாயிற்று. முழுநேரத்தையும் பொதுவேலைக்கு எடுத்துக்கொண்டால் முழுக் குடும்பத்தின் செலவும் பொதுவின் பொறுப்பு என்ற விதி அன்று பிறந்தது. ஸித்தீக் (ரலி) அவர்கள் வபாத்தாகும் வேளையில், தாம் பெற்றதைத் தம் சொத்திலிருந்து திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். தமக்குப் பின் வருபவரைக் களைக்க வைத்துவிட்டாரே என்று உமர் (ரலி) அழுதார்கள்.

ஹிஜ்ரீ 13இல் பொறுப்பு அவர்கள் தோளுக்கே வந்தது. தமக்கு என்ன ஆகும் என்பதைத் தாமே முடிவு செய்யாமல் ஸஹாபாக்களைக் கூட்டிக் கேட்டார்கள். குடும்பத்துக்கு முறையாகப் போதுமானது எதுவோ அதுவே என்று அலீ (ரலி) அவர்கள் யோசனை சொன்னார்கள். குளிர்காலத்துக்கு ஓர் உடை, கோடைக்கு ஓர் உடை, ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் ஒரு வாகனம், குறைஷிகளில் நடுத்தரமான ஒருவரின் வீட்டுச் சாப்பாடு, இவ்வளவே. பெரும் பணக்காரர் உண்பதும் அல்ல, பரம ஏழை உண்பதும் அல்ல. அநாதையின் சொத்தைக் காப்பவர் வசதியுள்ளவராயின் ஒதுங்கியிருக்கட்டும், ஏழையாயின் முறையாக உண்ணட்டும் என்ற இறைச் சட்டத்தையே பைத்துல்மாலுக்கும் தமக்கும் பொருத்திக்கொண்டார்கள்.

ஈராக்கும் ஷாமும் வசமாகிப் பணம் குவிந்தபோது, வந்ததை வந்த அன்றே பங்கிட்டுத் தீர்க்கும் பழைய முறை பயன்படவில்லை. ஹிஜ்ரீ 20 வாக்கில் தீவான் என்ற பதிவேடு தொடங்கப்பட்டது. அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்பல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய மூவர், வம்சாவழிகளை நன்கறிந்தவர்கள், பெயர்களை எழுதினார்கள். கலீபாவின் குடும்பத்தை மேலே வைப்பதை உமர் (ரலி) அவர்கள் ஏற்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களின் குடும்பத்தில் தொடங்கி, நெருக்கத்தின் வரிசைப்படி இறங்கி, தம் கிளையை அது இருக்க வேண்டிய இடத்தில் வைக்கச் சொன்னார்கள். பத்ரில் கலந்தவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம். மற்றவர்களுக்கு அவரவர் முற்பட்ட சேவைக்கேற்பப் படிப்படியாகக் குறைவு. தம் மகன் அப்துல்லாஹ்வை விட உஸாமா இப்னு ஜைதுக்கு அதிகம் எழுதினார்கள். மகன் காரணம் கேட்டபோது, உஸாமாவின் தந்தை உன் தந்தையை விட நபியவர்களுக்குப் பிரியமானவர் என்று சொல்லி முடித்தார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி அன்றே கருத்து வேறுபாடு இருந்தது. ஸித்தீக் (ரலி) அவர்கள் எல்லாருக்கும் சமமாகவே கொடுத்தவர்கள்; சேவையின் கூலி அல்லாஹ்விடம், வயிற்றுக்கான பங்கு எல்லாருக்கும் ஒன்றே என்பது அவர்கள் நோக்கு. உமர் (ரலி) அவர்களும் தம் இறுதிக் காலத்தில், அடுத்த ஆண்டு உயிரோடிருந்தால் எல்லாரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவேன் என்று எண்ணியதாக அறிவிப்பு உண்டு. தாமே நடத்திய ஏற்பாட்டையே மறுபடி தராசில் வைக்க அவர்கள் தயங்கவில்லை. இதை நாம் அவர்களுடைய பெருமைகளில் ஒன்றாகவே எண்ணுகிறோம்.

எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதை எப்படிக் கண்டார்கள் தெரியுமா? பக்கத்து நாட்டு மன்னர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கவில்லை. ஜரீப் என்ற அளவில் ஒன்று தானியத்தை எடுத்து மாவாக்கிப் பிசைந்து சுடச் சொன்னார்கள். அதை எண்ணெயில் தோய்த்து முப்பது பேரை அழைத்து மதிய உணவாக வைத்தார்கள். எல்லாரும் வயிறு நிறைய உண்டார்கள். இரவுக்கும் அப்படியே இன்னொரு ஜரீப். முப்பது பேருக்கு ஒரு நாள் இருவேளை உணவுக்கு இரண்டு ஜரீப் ஆனால், ஒருவருக்கு முப்பது நாளைக்கும் அதே இரண்டு ஜரீப்தானே! ஆண், பெண், அடிமை என்ற வேறுபாடில்லாமல் தலைக்கு மாதம் இரண்டு ஜரீப் என்று வகுத்தார்கள். காகிதத்தில் அல்ல, பசித்தவர்களை உட்காரவைத்துப் போட்ட கணக்கு இது.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய கணக்கு ஒன்று உண்டு. 1957இல் டில்லியில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலி என்பது தேவையைப் பார்த்து வகுக்கப்பட வேண்டும் என்றது. உழைப்பவரையும் குடும்பத்தையும் சேர்த்து மூன்று பங்கு, பங்குக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நால்வருக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்குச் செலவு. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமை இவற்றுக்காக இன்னும் 25 விழுக்காடு சேர வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ரொட்டியும் இரண்டு உடையும் என்று மதீனாவில் தொடங்கிய பேச்சு கலோரியும் கஜமும் என்று வந்திருக்கிறது; அவ்வளவே.

கணக்கு இருந்தும் நடப்பு வேறாக இருப்பதை நாம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. டோல்கேட்டுக்குத் தெற்கே உள்ள இராயபுரம் மண்டலத்திலும் திரு.வி.க. நகர் மண்டலத்திலும் குப்பை அள்ளும் வேலை தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 22,000 ரூபாய்க்கு மேல் வாங்கி வந்தவர்களுக்குத் தனியாரிடம் 16,000 ரூபாயை ஒட்டிய தொகையே கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன முறையீடு. நிரந்தரப் பணி வேண்டும் என்பது கோரிக்கை. பதின்மூன்று நாள் கழித்து, உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். மறுநாள் அரசு அவர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. தனியார்மயம் நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் நாம் போகவில்லை. அதே துடைப்பம், அதே தெரு, அதே நேரம். தூக்குகிற குப்பையும் அதே எடை. கையெழுத்துப் போடும் முதலாளி மட்டும் மாறினால் வயிற்றின் அளவும் சுருங்குமா என்று ஜரீப் அளந்த கலீபாவின் உம்மத்தினர் கேட்காமல் யார் கேட்பது? பெருநாள் காலையில் நம் பள்ளிவாசல் தெருவில் குர்பானிக் கழிவுகளை அள்ளிச் செல்பவர்கள் அவர்கள்தாம்.

மேலே உள்ளவர்களின் ஊதியத்துக்கும் வருவோம். நபித்தோழர்களை அரசுப் பணியில் அமர்த்தி அவர்களைக் கறைப்படுத்துகிறீர்களே என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் ஒருமுறை கலீபாவிடம் வருந்தினார்கள். மார்க்கப் பற்றுள்ளவர்களைத் துணைக்கு எடுக்காவிட்டால் வேறு யாரை எடுப்பது என்றார்கள் உமர் (ரலி). அப்படியானால் அவர்கள் மோசடிக்குத் தேவைப்படாத அளவு ஊதியத்தைத் தாராளமாக்குங்கள் என்றார்கள் அபூஉபைதா. சொன்னவர் ஓர் ஏழை வீட்டைத் தவிர வேறொன்றும் சேர்க்காத மனிதர் என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். தமக்கு வேண்டாதவர் பிறருக்காகக் கேட்டார்.

தாராளம் என்றால் வரம்பில்லை என்று பொருளல்ல. கூபாவுக்கு மூவரை அனுப்பினார்கள்: தொழுகைக்கும் படைக்கும் அம்மார் இப்னு யாஸிர், நீதிக்கும் கருவூலத்துக்கும் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத், நிலத்தை அளக்க உஸ்மான் இப்னு ஹுனைப் (ரலி). மூவருக்குமாக நாளொன்றுக்கு ஓர் ஆடு. பாதியும் குடல் முதலியனவும் அம்மாருக்கு, கால் கால் மற்ற இருவருக்கு. வேலையின் பளுவையும் வந்துபோகும் விருந்தாளிகளையும் பார்த்தே இந்தப் பங்கு. அதை வகுத்துவிட்டு, தினம் ஓர் ஆடு எடுக்கப்படும் நாடு விரைவில் பாழாகிவிடுமே என்று கவலைப்பட்டவர்களும் அவர்களே! பதவிக்குப் போகுமுன் சொத்தை எழுதி வாங்கினார்கள். திரும்பும்போது கணக்கில்லாமல் பெருகியிருந்தால் பாதியைப் பைத்துல்மாலுக்கு எடுத்தார்கள். முறையீடு வந்த இடத்துக்கு முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) விசாரணைக்குப் போவார்கள். போதுமான ஊதியம் கொடுத்தவருக்குத்தான் அப்படிக் கேட்க வாய் இருக்கும்.

கொடுக்காதவரைக் கேட்டதற்கும் சான்று உண்டு. ஹாதிப் குடும்பத்து அடிமைகள் முஸைனா குலத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டார்கள். தண்டனை விதிக்கும் நிலைவரை போன பிறகு, எஜமானர் அவர்களை வேலை வாங்கிப் பட்டினி போட்டிருப்பது கலீபாவுக்குத் தெரிந்தது. அடிமைகளை விட்டுவிட்டு எஜமானரைப் பிடித்தார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம் என்று உரியவர் சொன்னார். எஜமானர் 800 கட்ட வேண்டும் என்பது தீர்ப்பு. மாலிக் இமாமின் முஅத்தாவில் இது பதிவாகியிருக்கிறது.

அப்துல்லாஹ் இப்னு ஸஅதீ என்பவர் அரசுப் பணி செய்துவிட்டுக் கூலியை மறுத்து வந்தார். தம்மிடம் குதிரைகளும் ஆட்களும் உண்டு, கூலி முஸ்லிம்களுக்கு ஸதகாவாகட்டும் என்பது அவர் எண்ணம். உமர் (ரலி) அவர்கள் அவரைப் பாராட்டவில்லை, தடுத்தார்கள். தாமும் நபியவர்களின் காலத்தில் அப்படி மறுத்ததாகவும், வாங்கிக்கொண்டு வேண்டுமானால் பிறகு தர்மம் செய்யுங்கள், கேட்காமலும் ஆசைப்படாமலும் வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாகவும் விளக்கினார்கள். புகாரீ ஷரீபில் உள்ள செய்தி இது. வசதியுள்ள ஒருவர் இலவசமாகச் செய்யத் தொடங்கினால், வசதியில்லாத அடுத்தவரிடமும் அதையே எதிர்பார்க்க ஊர் பழகிவிடும்.

இந்த இடத்தில் நம் ஜமாஅத்துகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மோதினாருக்கும் இமாமுக்கும் மக்தப் ஹஜ்ரத்துக்கும் என்ன கொடுக்கிறோம்? தீன் பணிதானே, பரக்கத் உண்டு என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கும் முத்தவல்லிகள் மினாராவுக்கு டைல்ஸ் ஒட்ட வசூல் செய்கிறார்கள். வக்பு வாரியங்களின் கீழுள்ள பள்ளிவாசல்களின் இமாம்களுக்கு ஊதியம் வகுக்க 1993இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. ஸக்காத்தை வசூலித்துப் பங்கிடும் ஊழியருக்கே அந்த ஸக்காத்தில் ஒரு பங்கை அல்லாஹ் தன் வேதத்தில் எழுதி வைத்திருக்கிறான். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் மிஹ்ராபில் நிற்பவருக்குப் பத்தாம் தேதி தாண்டிக் கவர் நீட்டுவது எந்த மத்ஹபில் உண்டு? அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மஹல்லாவின் வீட்டு வாடகை என்ன, அரிசி என்ன விலை என்று எழுதி வைத்துக்கொண்டு மோதினாரின் சம்பளத்தைப் பேசிப் பாருங்கள்.

சம்பளத்தோடு சேர்ந்த சலுகைகளையும் அவர்கள் விடவில்லை. ஓர் இரவு ரோந்தில், போருக்குப் போன கணவனைப் பிரிந்து ஒரு பெண் தனிமையில் புலம்பியதைக் கேட்டார்கள். மகள் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் போய், ஒரு பெண் எத்தனை நாள் பொறுப்பாள் என்று கேட்டறிந்து, நான்கு மாதத்துக்கு மேல் எந்த வீரரையும் வீட்டைப் பிரித்து வைக்கக்கூடாது என்று தளபதிகளுக்கு எழுதினார்கள். தந்தை மகளிடம் கேட்கக் கூசும் கேள்விதான். விடுமுறையை வகுக்க வேறு வழி தெரியவில்லை, கேட்டுவிட்டார்கள்.

இன்னோர் இரவு. வணிகக் கூட்டம் ஒன்று தொழுகைத் திடலில் இறங்கியிருந்தது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பும் (ரலி) கலீபாவும் காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. தாயிடம் இரண்டு மூன்று முறை சென்று கவனிக்கச் சொன்னார்கள். எரிச்சலடைந்த அவள், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல், பால் மறக்கடிக்கிறேன், பால் மறந்த குழந்தைக்குத்தான் உமர் படி கொடுக்கிறார் என்றாள். பஜ்ருத் தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையில் மக்களுக்குப் புரியவில்லை. எத்தனை குழந்தைகளைத் தம் விதி வருத்தியதோ என்ற பயம். பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் 100 திர்ஹம் என்ற அறிவிப்பு அன்றே எல்லா ஊர்களுக்கும் போயிற்று. முதுமையில் பிச்சை எடுத்த ஒரு யூதரைக் கண்டபோது, இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்று கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று, அவருக்கும் அவர் போன்றோருக்கும் வரியை நீக்கிப் பைத்துல்மாலில் படி எழுதினார்கள்.

அவர்களுடைய முடிவும் ஓர் உழைப்பாளியின் கணக்கிலேயே வந்தது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. முகீரா இப்னு ஷுஃபாவின் அடிமை அபூலுஃலுஆ. தச்சு, கொல்லு, சிற்ப வேலைகள் தெரிந்தவன். அவன் சம்பாத்தியத்திலிருந்து தினமும் எஜமானருக்குக் கட்ட வேண்டிய தொகை இருந்தது; இரண்டு திர்ஹம் என்றும் நான்கு என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அது அதிகம் என்று கலீபாவிடம் முறையிட்டான். இத்தனை தொழில் அறிந்தவனுக்கு அது அதிகமில்லை என்று அவர்கள் சொன்னாலும், குறைக்கும்படி முகீராவிடம் பேச மனத்துள் எண்ணியிருந்தார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. அந்த எண்ணம் அவனுக்குத் தெரியவில்லை. ஹிஜ்ரீ 23, துல்ஹஜ் மாதக் கடைசியில், பஜ்ருத் தொழுகையில், இருமுனைக் கத்தியால் குத்தினான்.

படுக்கையில் கிடந்தபடி மகனை அழைத்துத் தம் கடனைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். 86,000 திர்ஹம் அளவு வந்தது. பைத்துல்மாலைத் தொடாமல், முதலில் குடும்பச் சொத்திலிருந்தும், போதாவிட்டால் பனூ அதீயிடமும், அதுவும் போதாவிட்டால் குறைஷிகளிடமும் கேட்டுத் தீர்க்கச் சொன்னார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி பெற்று, நாயகம் (ஸல்) அவர்களுக்கும் ஸித்தீக் (ரலி) அவர்களுக்கும் அருகில் அடக்கப்பட்டார்கள். ஸுஹைப் (ரலி) ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். மதீனாவில் இருந்த வீட்டை விற்றுக் கடன் அடைக்கப்பட்டது. கடன் தீர்த்த வீடு என்ற பொருளில் தாருல் களா என்று அவ்வீட்டை நெடுங்காலம் மக்கள் அழைத்து வந்தார்கள்.